மக்ரோனியும் மெக்கானிக்கலும்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் மூன்று முறை கேட்டுவிட்டார். கவிதை எனக்கு வராது. காதல் கவிதை எழுத நம் வகுப்பிலேயே பதினோரு பேர் இருக்கிறார்கள். 'இளைஞனே எழுந்து வா' என்று எழுதலாம் என்றால், முதல் பீரியடுக்கே ஒழுங்காக எழுந்து வராத நான் அதை எழுதினால் நீங்கள்தான் முதலில் சிரிப்பீர்கள். அதனால் நான் சொந்தமாகச் செய்து, கையைச் சுட்டுக்கொண்டு தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் சீஸ் போட்டு, மேலே முறுகலாகச் சுட்டு எடுக்கிற மக்ரோனி.

"மெக்கானிக்கல் படிக்கிறவனுக்கு மக்ரோனி எதுக்கு? மலரில் பக்கம் நிரப்பப் பார்க்கிறான்" என்று நீங்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். இதில் எக்ஸ்ட்ரூஷன் இருக்கிறது. வெப்பக் கதிர்வீச்சு இருக்கிறது. இந்த மூன்று வருடமாக உங்களிடம் நான் மறைத்து வைத்த ஒரு விஷயமும் இருக்கிறது.

என் அம்மா கோவையில் ஒரு வீட்டில் ஆறு வருடமாகச் சமையல் வேலை பார்க்கிறாள். காலை ஏழு மணிக்குப் போனால் திரும்பி வர மாலை ஐந்தாகிவிடும். அந்த வீட்டுக்காரர்கள் பல வருடம் அமெரிக்காவில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர்கள். இரண்டு குழந்தைகளும் அங்கே பிறந்தவர்கள். இட்லியைக் கண்டால் ஓடுகிற அந்தக் குழந்தைகளுக்குச் சனிக்கிழமை தவறாமல் மக்ரோனி வேண்டும். அந்த வீட்டு அம்மா ஒரே ஒரு தடவை பக்கத்தில் நின்று செய்து காட்டினார்களாம். அதற்கப்புறம் எல்லாம் என் அம்மாவின் கைதான். அளவு எதையும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எழுதத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவாள். ஆனால் "நூத்தியெம்பதுல இருபத்தஞ்சு நிமிஷம்" என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரவு சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா சிரித்துக்கொண்டே சொன்னாள்.

"இன்னைக்குச் சின்னப் பாப்பா ரெண்டு தரம் வாங்கித் தின்னுச்சு கண்ணு. தட்டையே வழிச்சிருச்சு."

"அப்படி என்னம்மா ருசி அது?" என்றேன். சும்மாதான் கேட்டேன்.

"எனக்கென்ன கண்ணு தெரியும்? வாசம் நல்லா இருக்கும்."

என் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. வாரம் ஒரு தடவை என்றாலும் ஆறு வருடத்தில் முந்நூறு தடவை ஆகிறது. முந்நூறு தடவை செய்தவளுக்கு அதன் ருசி தெரியாது!

"உப்புக்கூடப் பார்க்க மாட்டியா?"

"அளவு தெரியுமில்ல. பார்க்கறதில்ல."

பிறகுதான் மெதுவாக விஷயம் வந்தது. இந்த வீட்டுக்கு முன்னால் வேறொரு வீட்டில் வேலை செய்தபோது, குழம்பில் உப்புப் பார்க்க உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினாளாம். அதைப் பார்த்துவிட்ட அந்த வீட்டுப் பெரியவர், "நாங்க சாப்பிடறதுக்கு முன்னாடியே நீ சாப்பிட ஆரம்பிச்சிட்டயா?" என்று கேட்டாராம். அம்மா பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து எந்த வீட்டு அடுப்பில் இருப்பதையும் அவள் வாயில் வைத்ததில்லை. இப்போது வேலை பார்க்கும் வீட்டில் நல்லவர்கள்தான். "நீயும் போட்டுக்கோ" என்று அவர்களாகவே சொல்வார்கள். ஆனாலும் அம்மா இங்கிருந்து தூக்குப்போசியில் கொண்டு போவதைத்தான் சாப்பிடுவாள்.

அன்றைக்குப் படுத்துக்கொண்டே முடிவு செய்தேன். அந்த மக்ரோனியை நம் வீட்டில் செய்து, முதல் தட்டை அம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். ரகசியமாகச் செய்ய வேண்டும். எட்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மட்டும் கூட்டாளி.

லீவு நாட்களில் நான் ஒரு லேத் பட்டறைக்கு உதவிக்குப் போவதுண்டு. அந்தக் காசில் 250 கிராம் மக்ரோனி, அரை லிட்டர் பால், 200 கிராம் சீஸ், ஒரு சின்னக் கட்டி வெண்ணெய், கொஞ்சம் மைதா வாங்கினேன். ஒரு வேளை சாப்பாட்டுக்கு இவ்வளவு ரூபாயா என்று மனசு அடித்துக்கொண்டது. தங்கை பாக்கெட்டைப் பிரித்து ஒரு மக்ரோனியை எடுத்துக் கண்ணில் வைத்துப் பார்த்தாள். "அண்ணா, இந்த ஓட்டையை எப்படிப் போடறாங்க?" என்று கேட்டாள்.

நண்பர்களே, நாம் பரீட்சைக்காக மனப்பாடம் செய்த எக்ஸ்ட்ரூஷன் அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. டியூரம் என்ற கடினக் கோதுமையின் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, அழுத்தம் கொடுத்து டை வழியாகத் தள்ளுகிறார்கள். நம் வீட்டு முறுக்கு உரல் செய்வதும் இதே வேலைதான். வித்தியாசம், மக்ரோனி டையின் துளைக்கு நடுவில் ஒரு பின் நிற்கிறது. மாவு அந்தப் பின்னைச் சுற்றிக்கொண்டு வருவதால் குழாயாக வெளியே வருகிறது. பைப் செய்யும்போது மாண்ட்ரல் வைப்பதாகப் படித்தோமே, அதேதான். சரி, வளைவு எப்படி வருகிறது? பின்னின் ஒரு பக்கத்தில் சிறு வெட்டு இருக்கும். அந்தப் பக்கம் மாவு வேகமாக வரும், எதிர்ப்பக்கம் மெதுவாக வரும். அதனால் குழாய் தானாகவே வளைகிறது. வெளியே வரும் நேரத்தில் ஒரு கத்தி சுற்றிச் சுற்றி நறுக்குகிறது. வெண்கல டையில் வந்தால் மேல்பக்கம் சொரசொரப்பாக இருக்கும், குழம்பு நன்றாக ஒட்டும். டெஃப்லான் டையில் வந்தால் வழவழப்பாக இருக்கும். இதையெல்லாம் தங்கைக்கு விளக்கினேன். "பரீட்சையில இப்படி எழுதினயா?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. அந்தப் பேப்பர் எனக்கு அரியர் என்பது அவளுக்குத் தெரியும்.

முதல் முயற்சி ஸ்டடி லீவில் நடந்தது. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அப்பா ஃபவுண்டரியில் மோல்டர், அவருக்குப் பகல் ஷிஃப்ட். வீட்டில் நாங்கள் இருவர்தான். பாக்கெட்டில் ஒன்பது நிமிடம் என்று போட்டிருந்தது. நன்றாக வேகட்டுமே என்று பன்னிரண்டு நிமிடம் வேகவிட்டேன். பாலைக் கொதிக்க வைத்து, அதில் மைதாவைக் கொட்டினேன். கோலிக்குண்டு மாதிரி கட்டி கட்டியாக நின்றது. கரண்டியால் நசுக்க நசுக்க, வெளியே வழவழப்பு, உள்ளே பச்சை மாவு. சீஸைப் போட்டுக் கலக்கி, மக்ரோனியைக் கொட்டி, ஒரு அலுமினியத் தட்டில் பரப்பினேன்.

எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. கனமான வடைச்சட்டியில் ஒரு கிலோ கல் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஒரு ஸ்டாண்டு வைத்து, மூடிச் சூடேற்றினால் அதுவே ஓவன். கேக் செய்கிறவர்கள் செய்யும் வேலை இது. உப்பு சூட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு, ஒரே சீராக மேலே விடும். நானும் அப்படியே வைத்தேன். நாற்பது நிமிடம் கழித்துத் திறந்தால், மேலே சிவக்கவே இல்லை. உள்ளே எழுந்த ஆவி மூடியில் பட்டுத் தண்ணீராகித் திரும்பவும் அதன்மேலேயே சொட்டியிருக்கிறது. ஏற்கெனவே குழைந்திருந்த மக்ரோனி இன்னும் குழைந்து போயிருந்தது.

தங்கை கரண்டியால் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "அண்ணா, உங்க காலேஜ் எலெக்‌ஷனுக்கு இதை வெச்சு நோட்டீஸ் ஒட்டலாம்."

அதை ஊறுகாய் தொட்டுக்கொண்டு இருவரும் தின்று தீர்த்தோம். தட்டைக் கழுவிக் கவிழ்த்து, தடயத்தை அழித்தோம். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. அன்று இரவு வெப்பப் பொறியியல் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, செல்போனில் மக்ரோனியைப் பற்றித் தேடிப் படித்தேன். எங்கே தப்பு நடந்தது என்று பார்க்கத்தான் ஆரம்பித்தேன். அது என்னை எங்கேயோ கொண்டு போய்விட்டது.

இங்கிலாந்தில் எலிசபெத் ராஃபால்டு என்ற பெண்மணி 1769-இல் ஒரு சமையல் புத்தகம் வெளியிட்டார். அதிலேயே மக்ரோனியும் சீஸும் இருக்கின்றன. அவர் பல வீடுகளில் வேலை பார்த்து, ஒரு பெரிய பண்ணை வீட்டில் நிர்வாகியாக இருந்தவர். வேகவைத்த மக்ரோனியைப் பாலேட்டிலும், மாவில் புரட்டிய வெண்ணெயிலும் கொதிக்கவிட்டு, மேலே சுட்ட சீஸைப் பரப்பச் சொல்கிறார். வெண்ணெயை மாவில் புரட்டுவது! நான் விட்ட தப்பு அதுதான். மைதாவின் ஒவ்வொரு துகளையும் கொழுப்பு மூடிக்கொண்டால், பாலில் விழும்போது அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் தனித்தனியாக நிற்கும். சுமார் 60 டிகிரி சூட்டில் மாவுச்சத்து நீரை உறிஞ்சி வீங்க ஆரம்பிக்கும். தனித்தனியாக வீங்கினால் குழம்பு, கூட்டமாக வீங்கினால் கட்டி!

சீஸ் விஷயமும் படித்தேன். சூடு அதிகமானால் அதிலுள்ள புரதம் இறுகி, கொழுப்பு எண்ணெயாகத் தனியே பிரிந்துவிடும். ஆகவே அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் பிராசஸ்டு சீஸில் அதற்கென்று சிட்ரேட் மாதிரியான உப்புகளைச் சேர்த்திருப்பதால் அது அவ்வளவு சுலபமாகப் பிரியாது.

அப்புறம் அமெரிக்காவுக்கு வந்தேன். அந்த நாட்டின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சனுக்கு மக்ரோனி மேல் பெரிய ஆசை. மக்ரோனி பிழியும் எந்திரம் ஒன்றின் படத்தை வரைந்து, பக்கத்தில் குறிப்பும் எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தாள் இன்றும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் இருக்கிறது. ஒரு நாட்டின் ஜனாதிபதி மெஷின் டிராயிங் போட்டிருக்கிறார் என்றதும் எனக்கு ஒரே குஷி. அவர் ஜனாதிபதியாக இருந்தபோது, 1802-இல் கொடுத்த ஒரு விருந்தில் மக்ரோனி பரிமாறியதை விருந்தாளி ஒருவர் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

ஆனால் அதற்கு முன்பு ஜெஃபர்சனின் வீட்டில் சமையல் செய்தது யார்? ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்று ஒருவர். 1765-இல் பிறந்தவர். ஜெஃபர்சனின் அடிமை. 1784-இல் ஜெஃபர்சன் பாரிஸ் போனபோது, பிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொள்வதற்கென்றே அவரையும் கூட்டிப் போனார். அப்போது அவருக்கு வயது பத்தொன்பது. என்னைவிட ஒரு வயதுதான் அதிகம். அவர் கற்றுத் தேர்ந்து தலைமைச் சமையல்காரர் ஆனார். ஊர் திரும்பிய பிறகு, 1793-இல் அவருக்கு ஒரு வாக்குறுதி எழுதித் தரப்பட்டது. தனக்குத் தெரிந்த சமையலை இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டால் விடுதலை என்பது அது. அவர் தன் தம்பி பீட்டருக்குச் சொல்லிக் கொடுத்தார். 1796-இல் விடுதலை கிடைத்தது. தம்பி அடிமையாகவே அந்தச் சமையலறையில் நின்றார். ஜேம்ஸ் 1801-இல் இறந்துபோனார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது.

அமெரிக்காவில் மக்ரோனியும் சீஸும் பரவக் காரணமானவர்களில் ஒருவர் என்று இன்று அவர் பெயரைச் சொல்கிறார்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776-இல் எழுதிய கை ஜெஃபர்சனுடையது. அந்தக் கை சாப்பிட்ட தட்டை நிரப்பியவருக்கு அந்த மேசையில் நாற்காலி கிடையாது.

ஹெமிங்ஸ் விடுதலையாகிப் போகும் முன்பு சமையலறைப் பாத்திரங்களைக் கணக்கெடுத்துத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த பட்டியல் ஒன்று இருக்கிறது. அவர் கையெழுத்தின் படத்தைப் பார்த்தேன். மாசக் கடைசியில் அம்மா வேலை செய்யும் வீட்டில் டம்ளர், கரண்டி எல்லாவற்றையும் எண்ணிச் சரிபார்த்து வைப்பதாகச் சொன்னது ஞாபகம் வந்தது.

நண்பர்களே, மறைத்த விஷயம் என்று சொன்னேனே, அதை இங்கே சொல்லிவிடுகிறேன். நம் கல்லூரியில் சேரும்போது கொடுத்த படிவத்தில் 'தாயாரின் தொழில்' என்று ஒரு கட்டம் இருந்தது. எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்பும் அளவுக்குப் படித்தவன் நான்தான் என்பதால், அதை நானேதான் நிரப்பினேன். அப்பா ஃபவுண்டரித் தொழிலாளி என்பதை எழுதக் கூச்சமாக இல்லை. அம்மாவின் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து எழுதிய பையனின் தாளை எட்டிப் பார்த்தேன். 'இல்லத்தரசி' என்று எழுதியிருந்தான். நானும் அதையே எழுதிவிட்டேன். அம்மா பக்கத்தில்தான் நின்றாள். அவளுக்கு அதைப் படிக்கத் தெரியாது. "எல்லாம் எழுதிட்டயா கண்ணு?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். என் செமஸ்டர் ஃபீஸ், டிராஃப்டர், காக்கி யூனிஃபார்ம் எல்லாம் எந்த வேலையிலிருந்து வந்ததோ, அந்த வேலையே இல்லை என்று எழுதி, அதற்கு அவளிடமே கையெழுத்தும் வாங்கிவிட்டேன். வகுப்பில் நீங்கள் கேட்டபோதும் "அம்மா வீட்டிலதான்" என்றுதான் சொல்லியிருக்கிறேன். வீட்டில்தான், ஆனால் யார் வீட்டில் என்று சொல்லவில்லை.

ஹெமிங்ஸின் பட்டியலைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

படித்ததில் உருப்படியான ஒரு விஷயமும் கிடைத்தது. அந்தக் காலச் சமையலறையில் மேலிருந்து நெருப்புக் காட்ட வழியில்லாதபோது, ஒரு கனத்த இரும்புத் தகட்டை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, பதார்த்தத்துக்கு மேலாகப் பிடிப்பார்களாம். அதற்குச் சாலமாண்டர் என்று பெயர். கனத்த இரும்புத் தகடு நம் வீட்டில் இல்லையா என்ன? தோசைக்கல்!

அம்மாவுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமைதான். அடுத்த ஞாயிறு ரகசியத்தை உடைத்தேன். "இன்னைக்கு நான் சமைக்கிறேன். நீ அடுப்படிக்கு வரக் கூடாது" என்றேன். சாமானைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அதென்னாத்துக்குக் கண்ணு இத்தனை காசு போட்டு..." என்று ஆரம்பித்தாள். அப்பா, "பண்ணட்டும் விடு" என்றார். அம்மா வாசற்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தாளே தவிர, கண்ணெல்லாம் அடுப்பில்.

இந்தத் தடவை மக்ரோனியை ஏழு நிமிடத்திலேயே வடித்துவிட்டேன். மறுபடியும் சூட்டில் வேகப் போகிறதல்லவா? 30 கிராம் வெண்ணெயை உருக்கி, அதே அளவு மைதாவைப் போட்டு, பச்சை வாசனை போக இரண்டு நிமிடம் வறுத்தேன். பால் பாத்திரத்தைத் தூக்கினேன். வாசற்படியிலிருந்து குரல் வந்தது.

"ஒரேயடியா ஊத்தாதே! கூழுக்கு மாவு எப்படிக் கரைப்போம்? பச்சைத் தண்ணியில கொஞ்சங் கொஞ்சமாத்தானே? பாலு ஆறியிருக்கா பாரு. ஒரு கை ஊத்து, கலக்கு. அது இழுத்துக்கிட்ட பொறவு அடுத்த கை."

நான் இரவெல்லாம் படித்த ஸ்டார்ச் தத்துவம் முழுவதும் அந்தக் கூழுக்குள் இருந்தது. ஒரு கை ஊற்றினேன், கலக்கினேன். கட்டி ஒன்றுகூட இல்லை. அரை லிட்டர் பாலும் இறங்கியபோது, கரண்டியின் முதுகில் விரலால் கோடு போட்டால் கோடு அப்படியே நிற்கும் பதம் வந்தது. அடுப்பை அணைத்து, துருவிய சீஸில் முக்கால் பங்கைப் போட்டேன். உப்பு, மிளகுத்தூள், பிறகு மக்ரோனி. தட்டில் பரப்பி, மீதிச் சீஸைத் தூவினேன். அதன்மேல் நாலு ரஸ்க்கைப் பொடித்து வெண்ணெயில் பிசறிப் போட்டேன்.

உப்புச் சட்டி பத்து நிமிடமாகக் காய்ந்துகொண்டிருந்தது. தட்டை உள்ளே வைத்து, ஆவி போக மூடியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தேன். "இருபத்தஞ்சு நிமிஷம்" என்றாள் அம்மா. "அந்த வீட்டுப் பெட்டியில மேலேயும் ஒரு கம்பி செவக்கும் கண்ணு. இங்க எப்படிச் செவக்கும்?"

"பாரு" என்று தோசைக்கல்லை இன்னொரு அடுப்பில் வைத்தேன். புகை வரும்வரை காய்ந்தது. வெந்த தட்டை வெளியே எடுத்துத் தரையில் வைத்து, இரண்டு பக்கமும் செங்கல் நிறுத்தினேன். அப்பாவுக்கு உருக்கிய இரும்பையே கையாண்டு பழக்கம். அவரே இடுக்கியை வாங்கி, தோசைக்கல்லைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்தார். தட்டுக்கும் கல்லுக்கும் ஓர் அங்குலம்தான் இடைவெளி. சூடான காற்று மேலே போகும், கீழே வராது. கீழே வருவது கதிர்வீச்சு. அது முழு வெப்பநிலையின் நான்காம் படிக்கு ஏற்ப ஏறும் என்று படித்தோமே, அதனால்தான் கல் நன்றாகக் காய வேண்டும். இரண்டு தடவை காய்ச்சி வைத்தோம். சீஸ் கொப்புளித்து, ரஸ்க் பொன்னிறமாகி, ஓரம் முறுகியது. வீடு முழுக்க வாசம்.

"இதேதான் வாசம்" என்றாள் அம்மா.

முதல் தட்டை அவள் முன்னால் வைத்தேன். "நீங்க தின்னுங்க, நான் பொறவு" என்றாள். எத்தனையோ வருடப் பழக்கம் அது. அப்பா, "மொதல்ல நீ தின்னு" என்று சொல்லிவிட்டுத் தன் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். தங்கையும் தொடவில்லை.

அம்மா முறுகிய ஓரத்தில் கொஞ்சம் பிட்டு வாயில் வைத்தாள். மென்றாள். நாங்கள் மூன்று பேரும் வைவாவுக்கு நிற்கிற மாதிரி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்புக் கம்மி" என்றாள்.

சொல்லிவிட்டு இன்னொரு வாய் எடுத்தாள். அப்புறம் திடீரென்று நிறுத்தி, "நான் அங்க போடற அளவும் இதேதான் கண்ணு. ஆறு வருசமா அந்தப் பாப்பா உப்புக் கம்மியாத்தான் தின்னுட்டு இருக்குதா? ஒரு வார்த்தை சொல்லலையே!" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டோம்.

அப்பாவின் தீர்ப்பு: "நல்லாத்தான் இருக்குது. ஒரு பச்சமொளகா கிள்ளிப் போட்டிருக்கலாம்." தங்கையின் தீர்ப்பு: "நோட்டீஸ் ஒட்ட முடியாது." தட்டு காலியானது.

1937-இல், அமெரிக்காவில் பொருளாதார மந்தம் இன்னும் தீராத நேரத்தில், கிராஃப்ட் கம்பெனி மக்ரோனியையும் சீஸ் தூளையும் ஒரே பெட்டியில் போட்டு 19 சென்ட்டுக்கு விற்றதாகப் படித்தேன். ஒரு பெட்டியில் நாலு பேர் பசியாறலாம். ஜனாதிபதி வீட்டு விருந்து இப்படித்தான் ஏழை வீட்டுக்கும் வந்தது. அங்கே கறுப்பின மக்களின் குடும்பங்களில் நன்றி சொல்லும் நாள் விருந்துக்கு இந்தச் சுட்ட மக்ரோனி கட்டாயம் உண்டு. அதைச் செய்யும் பொறுப்பை எல்லாரிடமும் கொடுத்துவிட மாட்டார்களாம். கைப்பக்குவம் தெரிந்த ஒருவரிடம்தான் கொடுப்பார்களாம். அதைப் பெரிய மரியாதையாக நினைப்பார்களாம். இதை அம்மாவிடம் சொன்னேன். "பின்னே? கூழு கிண்டத் தெரியாதவகிட்டக் குடுத்தா என்ன ஆகும்?" என்றாள்.

நம் வளாக நேர்முகத் தேர்வுக்குப் படிவம் கொடுத்தார்களே, அதிலும் அதே கட்டம் இருந்தது. தாயாரின் தொழில். இந்தத் தடவை பக்கத்துத் தாளை எட்டிப் பார்க்கவில்லை. 'சமையல்' என்று எழுதினேன். பேனா நிற்கவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் படிவத்தின் நகலைக் காட்டி, அந்த எழுத்தின் மேல் அவள் விரலை வைத்து, இதுதான் நீ என்று சொன்னேன். முதல் படிவத்தில் என்ன எழுதியிருந்தேன் என்பதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "சரி விடு, இப்பத்தான் எழுதிட்டயில்ல" என்றாள்.

இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. நாங்கள் மக்ரோனி செய்ததற்கு அடுத்த சனிக்கிழமை அம்மா வேலை முடிந்து வந்தாள். செருப்பைக் கழற்றும் முன்பே, "கண்ணு, இன்னைக்கு உப்புப் பார்த்தேன்" என்றாள்.

"எங்கே?"

"அங்கதான். அந்த வீட்டு அம்மா பக்கத்துல நிக்கறப்பவே, கரண்டியில எடுத்து ஊதி வாயில வெச்சேன். கம்மியா இருந்துச்சு. அரை ஸ்பூன் சேர்த்துப் போட்டேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலை. சின்னப் பாப்பா மூணு தரம் வாங்கித் தின்னுச்சு."

நண்பர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள். மக்ரோனி, பால், சீஸ் நீங்கள் வாங்கி வர வேண்டும். தோசைக்கல் எங்களிடம் இருக்கிறது. உப்பை அம்மா பார்த்துக்கொள்வாள்.